வெளியே பூட்டு, உள்ளே நான்

கணவர் இறந்த பிறகு திருவொற்றியூரில் தனியாக இருக்கிறேன். பொருள் விற்க வருபவர்களின் தொல்லை பொறுக்காமல், கிரில் கேட் வழியே கையை நுழைத்து வெளிப்பக்கம் பூட்டி வைப்பேன். பூட்டைப் பார்த்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

போன மாதம் ஒரு காலை, பக்கத்துச் சாலையில் அமோனியா டேங்கர் ஒன்று கசிந்தது. எங்கள் பக்கம் தினம் ஒரு நாற்றம் வரும். இதுவும் அப்படித்தான் என்று ஜன்னலைச் சாத்திவிட்டுச் சமைத்துக்கொண்டிருந்தேன். மைக்கில் போலீஸ் கத்தியதையும் காதில் வாங்கவில்லை.

போலீசார் வீடு வீடாகப் பார்த்து, ஆள் இல்லாத வீடுகளின் வாசல் சுவரில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போனார்களாம். என் வீட்டுக்கும் போட்டுவிட்டு நகரும்போது, உள்ளே குக்கர் விசில் அடித்தது.

பெண் காவலர் ஒருவர் திரும்பி ஓடிவந்தார். "இன்னாம்மா, வெளில பூட்டிக்கினு உள்ள குந்திக்கினு கீறியே! அடுப்ப அணைச்சிட்டு வா, சீக்கிரம்!"

ஈரத்துணியை என் மூக்கில் கட்டி, காற்றடிக்கும் பக்கம் போகாமல் குறுக்குத் தெரு வழியாக ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். பெயர் எழுதும்போது, "உனக்கு ஒண்ணுன்னா யாருக்கும்மா போன் பண்றது?" என்று கேட்டார். யோசித்தேன். சொல்ல ஒரு நம்பர்கூட இல்லை.

சாயங்காலம் திரும்பியபோது சுவரில் அந்தக் குறி அப்படியே இருந்தது. அவர் கட்டிவிட்ட துணியாலேயே அழுத்தித் துடைத்தேன்.

இப்போது உள்பக்கம்தான் பூட்டுகிறேன். யாராவது விற்க வந்தால், வேண்டாம் என்று சொல்லவாவது எழுந்து வாசலுக்குப் போகிறேன்.