பறக்கத் தொடங்கிய முகமூடி வீரன்

இன்று பழைய புத்தகக் கடையில் என் பள்ளித்தோழி மரியைப் பார்த்தேன். பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிவிட்டாள். அடுத்த வாரம் பிரான்சுக்குக் கப்பல் ஏறுகிறாள்.

நாங்கள் பள்ளி நாட்களில் சேர்ந்து படித்த பிரெஞ்சுப் படக்கதையில் முகமூடி வீரன் கூரைக்குக் கூரை தாவுவான், அடியும் படுவான். பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரை விட்டுப் போனபின் மெட்ராசிலிருந்து வரும் ஆங்கிலப் புத்தகத்திலோ அதே வீரன் கடல் தாண்டிப் பறக்கிறான், குண்டுகூடத் துளைக்காது. இரண்டு புத்தகமும் கடையில் அருகருகே கிடந்தன.

"இவன் அவன் இல்லடி," என்றேன்.

"அவனேதான். வளந்துட்டான்."

"வளந்தா ஊர உட்டே பறந்துடணுமா?"

கத்திவிட்டேன் போலிருக்கிறது, கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மரி இரண்டு புத்தகத்தையும் வாங்கி, புதியதை என் கையில் திணித்தாள். பழையதை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள்.

பறக்கிறவனை என்னிடம் விட்டுவிட்டு, தாவ மட்டுமே தெரிந்தவனோடு கடல் தாண்டுகிறாளே, யாராவது அவளுக்குப் புத்தி சொல்லுங்களேன்!