பென்குயினும் அம்மாவின் கோழித்தூக்கமும்

என் அம்மாவுக்குத் தூங்கத் தெரியாது. கோழித்தூக்கம் என்பார்களே, அதுதான். கண் சொக்கும், தலை சாயும், நாம் அப்பாடா என்பதற்குள் விருட்டென்று நிமிர்ந்து வாசலைப் பார்ப்பாள். "யாரும் வரலம்மா, படு" என்றால், "நான் எங்கடி தூங்குனேன்?" என்று சண்டைக்கு வருவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விலங்கியல் பட்டம் வாங்கிவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்த காலம் அது. எனக்கு எதற்கெடுத்தாலும் பற்றிக்கொண்டுதான் வந்தது.

காரணம் எனக்குத் தெரியும். அவள் சிறுமியாக இருந்தபோது கூலித் தகராறு ஒன்றில் பண்ணையின் ஆட்கள் விடியற்காலையில் வந்து எங்கள் தெருக் கூரைகளைப் பிரித்துப் போட்டார்கள். கண் விழித்தால் தலைக்கு மேல் வானம் தெரிந்ததாம். பிறகு ஆட்சி மாறியது, சட்டம் வந்தது, கூரைகூட ஓடாக மாறியது. வீடு நின்ற மண் மட்டும் பண்ணையின் பேரிலேயே கிடந்தது. "எந்திரின்னா எந்திரிக்கணும். இதுல என்னா தூக்கம் வேண்டிக்கெடக்கு?" என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் இலவசக் கலர் டி.வி. கொடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நடவு இல்லாத நாள், அம்மாவின் நடவுக் கூட்டத்துப் பெண்கள் எல்லாரும் எங்கள் வீட்டில் கூடியிருந்தார்கள். படம் போடுவான் என்று பார்த்தால் பென்குயினைப் போட்டான். மாற்றலாம் என்று எழுந்தேன். "இருடி, இந்தப் பறவை கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீலாட்டமே நடக்குது" என்றாள் அம்மா. அவ்வளவுதான், ஒருத்தியும் நகரவில்லை.

முட்டைக்குக் காவலாக உட்கார்ந்திருந்த பென்குயின் ஒன்று கண்ணை மூடியது, திறந்தது, மறுபடி மூடியது. மேலே முட்டை திருடுகிற பறவை வட்டமிட்டது. பெண்கள் எல்லாரும் திரும்பி அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள். கூடு கட்டப் பொறுக்கி வைத்த கல்லைப் பக்கத்து வீட்டுப் பென்குயின் நைசாகத் தூக்கிக்கொண்டு போனதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. வேறொரு வகை, கடுங்குளிரில் கும்பலாக ஒட்டி நின்றது. ஓரத்தில் நிற்பவை மெல்ல உள்ளே போக, உள்ளே நின்றவை ஓரத்துக்கு வந்தன. "பாத்தியா, நம்ம முறைதான்" என்றாள் அம்மா. அவர்கள் நடவு வரிசையில் வரப்போரத்து ஆளுக்குத்தான் கஷ்டம் அதிகம். மண் இறுகியிருக்கும், வரிசை கோணினால் ஏச்சும் அவளுக்கே. அதனால் வெற்றிலை போட உட்கார்ந்து எழும் ஒவ்வொரு தடவையும் ஓரத்து ஆளை மாற்றுவார்கள். எங்கள் ஊரில் அது எழுதாத சட்டம்.

அடுத்த மாதமே பண்ணையின் வாரிசு எங்கிருந்தோ வந்து, எங்கள் தெருவையும் சேர்த்து நிலத்தையெல்லாம் மனை போடுகிற ஒருவருக்கு விற்றுவிட்டார். கீழ்வேளூர் தாலுகா ஆபீசுக்கு ஓடினோம். தாசில்தார் நல்ல மனுஷர். "சர்வேயர் வந்து அளந்துட்டா உங்க பேருக்கே பட்டா போட வழி இருக்குங்க. அதுவரைக்கும் வீடு நிக்கணும். இடிச்சிட்டாங்கன்னா என்னத்த அளக்கறது?" என்றார். சர்வேயர் எப்போது வருவார் என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

எனவே உட்கார்ந்தோம். இரவில் ஆண்கள், பகலில் பெண்கள், தெரு முனையில். மழை பெய்த ஈரத் தரை என்பதால் ஆளுக்கொரு செங்கல் கொண்டுவந்து போட்டுக்கொண்டார்கள். முதல் நாளே செங்கல் திருட்டு ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் குடிக்க எழுந்து போய்த் திரும்பினால் கல் இருக்காது. அம்மா தன் செங்கல்லில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வைத்தாள். வீடுகளை இடிக்கப் பொக்லைன் வருகிறதா என்று சாலையைப் பார்க்க ஓரத்தில் இரண்டு பேர், வெற்றிலைக்கு வெற்றிலை மாறிக்கொள்வார்கள். நடுவில் இருப்பவர்கள் கொஞ்சம் கண்ணயரலாம் என்பது ஏற்பாடு.

ஐந்தாம் நாள் படித்தவள் புத்தி எனக்கு வேலை செய்தது. "எதுக்கு மாறி மாறி எந்திரிக்கணும்? எங்கம்மாதான் தூங்கவே மாட்டாளே. அவளே ஓரத்துல இருக்கட்டும்" என்றேன். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. அம்மாவுக்கும் பெருமை. கல்லைத் தூக்கிக்கொண்டு போய் ஓரத்தில் போட்டுக்கொண்டாள். நான் நடுவில் போய்ச் சாய்ந்தேன்.

நடுவில் தூங்கவா முடியும்? இந்தப் பக்கம் மருமகள் புராணம், அந்தப் பக்கம் குறட்டை, நடுவே என் விலாவில் ஒரு முழங்கை. ஒன்பதாம் நாள் மத்தியானம் பெரியம்மா முறை வரும் ஒருத்திக்கும் அவள் ஓர்ப்படிக்கும் சண்டை மூண்டது. "எங்கல்லு!" "ஏன், பேரா எழுதியிருக்கு?" இரண்டு பேரும் இடுப்பில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றார்கள். எழுந்து நின்றதால் கண்ணில் பட்டது. திட்ட வாயைத் திறந்த பெரியம்மா, "அய்யய்யோ, வந்துட்டான்டி!" என்று கத்தினாள்.

மஞ்சள் பொக்லைன் மதகைத் தாண்டி எங்கள் தெருவுக்கே திரும்பிவிட்டிருந்தது. அம்மா ஓரத்தில், வேலிக்காலில் சாய்ந்து, வாய் திறந்து, சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஓடினோம். சண்டைக்காரிகள் இருவரும் கையில் பிடித்திருந்த அதே செங்கல்லோடு முதலில் போய் வழியில் உட்கார்ந்தார்கள். பின்னாலேயே நாற்பது பேர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். பொக்லைன் ஓட்டிவந்தவன் இறங்கிப் பார்த்தான். "என்னக்கா இது, நான் கூலிக்காரன்" என்றான். "நாங்க மட்டும் யாரு தம்பி?" என்றாள் பெரியம்மா. அவன் பீடி பற்றவைத்து, யாருக்கோ போன் பேசி, வந்த வழியே போய்விட்டான்.

அம்மா அழுதாள். நான் பார்த்து அவள் அப்படி அழுததே இல்லை. "வீடெல்லாம் போயிருக்குமேடி, நான் தூங்கிட்டேனேடி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். தப்பு என்னுடையது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். ஓரத்து ஆளை மாற்றுகிற பல கால வழக்கத்தை வீண் வேலை என்று நினைத்த என் திமிர் அது. சொல்லும்போது எனக்கும் அழுகை வந்துவிட்டது. பெரியம்மா வெற்றிலைப் பையை அவிழ்த்தாள். "சரி சரி, போட்டுக்கிட்டு எந்திரிங்க. ஓரத்து ஆளு மாறணும்" என்றாள்.

பின்னாளில் ஆசிரியையாகிப் பாடம் எடுக்கையில் படித்தேன். ஒரு வகைப் பென்குயின் நாலு நாலு நொடியாகத் தூங்கியே ஒரு நாளின் தூக்கத்தைச் சேர்த்துவிடுமாம். ஓரத்தில் இருப்பவைதான் நடுவில் இருப்பவற்றைவிட நன்றாகத் தூங்குமாம். பக்கத்து வீட்டு இரைச்சல் அப்படி. வகுப்பில் தனியாகச் சிரித்தேன். பிள்ளைகள் டீச்சருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பார்த்தார்கள்.

நாங்கள் உட்கார்ந்த அந்த வருஷமே சர்வேயர் சங்கிலியோடு வந்து அளந்தார். தாலுகா ஆபீசில் ஜமாபந்தி முடிந்து பட்டா வந்தது, அம்மா பேரில். அவள் அதை மடித்துத் தலையணை உறைக்குள் வைத்தாள். மத்தியானம் சோறு தின்று படுத்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கும் எழவில்லை. மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி வைத்துப் பார்த்தேன். வாசலில் ஆடு கத்தியது, பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தது, அவள் அசையவில்லை. அன்று வீட்டில் கோழித்தூக்கம் தூங்கியது நான்தான்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு கண் திறந்தாள். வாசலைப் பார்க்கவில்லை. தலைக்கு மேல் இருந்த ஓடுகளைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். பிறகு சோம்பல் முறித்துக் கேட்டாள்:

"ஏன்டி, என் கோடு போட்ட செங்கல்ல எவ எடுத்துட்டுப் போனா?"