முடிவு தெரிந்த படம்

முடிவு தெரிந்த படம் யாரையும் பயமுறுத்தாது என்று நம்பினேன். ஐம்பதைத் தாண்டிய ஒருவன் நம்பக்கூடிய விடயமா இது? நான் நம்பினேன்.

சண்டைக் காலத்திலிருந்து என் மனைவிக்குத் திடீர்ச் சத்தம் ஆகாது. பக்கத்து வளவில் கல்யாண வெடி கொளுத்தினாலே குசினிக்குள் போய் அடுப்படியில் குந்திவிடுவாள். கோயில் திருவிழாவுக்கும் வருவதில்லை. எப்படியாவது அவளை நாலு பேர் நடுவில் இருத்திவிட வேண்டும் என்றுதான் விசுவமடுவிலிருந்து கிளிநொச்சித் தியேட்டருக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனேன். படத்தையும் யோசித்துத்தான் தெரிவுசெய்தேன். இரண்டு பெரிய நடிகர்கள். அடி, பாட்டு, தங்கச்சியைக் கடத்தல், திரும்பவும் அடி.

ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் அவள் காதுக்குள் எச்சரிக்கை கொடுத்தேன்.

“இப்ப கதவு உடையும். பயப்பிடாதையும்.”

உடைந்தது.

“இனி ஹீரோ கறுப்புக் கண்ணாடியைக் கழட்டுவார்.”

கழற்றினார். கதையில் ஒன்றுமில்லை, ஆனாலும் அந்த மனுசன் சும்மா நடந்து வந்தாலே எங்களுக்கு முதுகு நிமிர்ந்தது. அவள் சிரித்தாள். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

பிறகு வில்லன் ஹெலிகொப்டரில் வந்தான். அதையும் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். ஆனால் திரையில் ஹெலி முன்னால் நிற்க, சத்தம் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. பின்சுவரிலும் ஸ்பீக்கர் இருக்கும் என்பது என் மூளைக்குத் தெரியும், முதுகுக்குத் தெரியாது. பின்னால் இரைந்தால் எங்களை நோக்கித்தான் வருகிறது. சண்டைக் காலத்தில் முதுகு படித்த பாடம் அவ்வளவுதான்.

பார்த்தால், கதிரை வரிசைகளுக்கு நடுவில் குப்புறக் கிடக்கிறேன். காதைப் பொத்தி, வாயைத் திறந்து, எல்லாம் முறைப்படி. நெற்றிக்குக் கீழே யாரோ தின்று போட்ட கச்சான் கடலைக் கோது.

“என்ன அண்ணை தேடுறியள்?” என்றார் பக்கத்துக் கதிரைக்காரர்.

“செருப்பு.”

“ரெண்டும் காலிலதான் கிடக்கு,” என்றாள் மனைவி. பிறகு குனிந்து, மெல்ல, “எழும்புங்கோப்பா. ஹீரோ சாகமாட்டார் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

எழும்பினேன். வெளியே போய் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளும் பின்னால் வருவாள் என்று வாசலையே பார்த்தபடி இருந்தேன். படம் முடிந்துதான் வந்தாள்.

“நீங்கள் சொன்ன மாதிரித்தான் முடிஞ்சது,” என்றாள்.

அடுத்த படத்துக்குத் தன் தங்கச்சியோடு போனாள். நான் போகவில்லை.