என்ஜின் விழுங்கிய எழுத்து

காது பரிசோதனை நிலையத்தில் பதினாறு வருடமாக வேலை பார்த்த அவரை எல்லோரும் 'ஆதாரம்' என்றே கூப்பிட்டார்கள். மழை வரும்போல் இருக்கிறது என்று யாராவது சொன்னால்கூட, "ஆதாரம் என்ன?" என்பார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்துக் கிடந்தது.

அவர் வீட்டு இரும்பு அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஆறு பத்திரிகைத் துண்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஆறும் ஒரே செய்திதான். 'கப்பல் படத்தின் இரண்டாம் பாகம் விரைவில்.' ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு மையில் 'பார்ப்போம்' என்று எழுதியிருந்தார். ஒரு தடவை தயாரிப்பாளருக்கும் இயக்குநருக்கும் சண்டை. இன்னொரு தடவை, செட் போட்ட கொட்டகையில் தீ. அப்புறம் கதாநாயகனுக்கு வயதாகிவிட்டது என்று காத்திருந்தார்கள். எதற்குக் காத்திருந்தார்கள், அவன் இளைஞனாகட்டும் என்றா என்று ஆதாரத்துக்குப் புரியவில்லை. ஏழாவது துண்டு இந்த வருடம் வந்தது. அதில் தேதியே போட்டிருந்தார்கள். தேதி போட்டதுதான் அவருக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது.

கப்பல் படத்தை அவர் பார்த்தது பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், மச்சானோடு. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். ஆதாரத்தின் அலமாரியைச் செய்ததும் மச்சான்தான். இரும்பு பீரோ செய்யும் பட்டறையில் காலையிலிருந்து மாலைவரை தகடு அடிக்கிற வேலை அவருக்கு.

படத்தின் கடைசிக் காட்சியில் விண்கப்பலின் கதவு மூடிக்கொண்டே வரும். கேப்டன் திரும்பி மனைவியைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொல்வான். தலையில் கவசம் இருப்பதால் உதடு தெரியாது. அதே நொடியில் என்ஜின் உறுமும். வார்த்தையின் முதல் எழுத்தை என்ஜின் விழுங்கிவிட, 'றேன்' என்ற வால் மட்டும் காதில் விழும். அதோடு படம் முடிந்துவிடும்.

'வரேன்' என்று சொன்னான் என்பது மச்சான் கட்சி. 'போறேன்' என்பது ஆதாரத்தின் கட்சி. எழுதிப் பார்த்தால் ஒன்றில் சின்ன ர, மற்றதில் பெரிய ற. பேசுகிற வாய்க்கு அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது?

"கடைக்குப் போறவன்கூட வரேன்னுதான்டா சொல்லிட்டுப் போறான்," என்பார் மச்சான். "வீட்டை விட்டுக் கிளம்பும்போது எவனாவது போறேன்னு சொல்வானா?"

"அதனாலதான் சொல்றேன். திரும்ப மாட்டோம்னு தெரிஞ்சவன் பொண்டாட்டிகிட்ட பொய் சொல்ல மாட்டான்."

"ரெண்டாவது பாகத்துல அவன் வந்து நின்னா?"

"அது சாட்சி ஆகாது. டிக்கெட் விக்கணும்னா செத்தவனையும் எழுப்புவாங்க."

"அந்தக் கேப்டனைக் கொல்றதா இருந்தாலும் காப்பாத்துறதா இருந்தாலும் சாப்பிட்டுட்டுச் செய்யுங்க, ஆறுது," என்பாள் ஆதாரத்தின் மனைவி.

இரண்டாம் பாகம் எப்போது வந்தாலும் முதல் நாள், முதல் காட்சி, பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அது அன்றைக்கே பேசி முடித்தது.

இப்போது ஆதாரத்தின் சந்தேகம் படத்தின் மேல் மட்டும் இல்லை. மச்சானின் காதின் மேலும் விழுந்திருந்தது. சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சிரித்து முடிக்கும்போது மச்சான் சிரிக்க ஆரம்பித்தார். "குழம்பு போடவா?" என்று தங்கை கேட்டால், "ஆமாமா, நேத்தே வந்துட்டான்," என்றார். ஆனால் பட்டறைக்காக வருடாவருடம் எடுக்கும் பரிசோதனையில் காது கண்ணாடி மாதிரி இருந்தது. பரிசோதித்தவர் ஆதாரம்தான். போன வருடத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். முப்பது வருடம் தகடு அடித்தவனுக்கு இவ்வளவு நல்ல காது இருக்க முடியாது. நல்லது நடந்தால் அதில் ஏதோ கோளாறு இருக்கும் என்பது அவருடைய அனுபவம்.

இந்த வருடப் பரிசோதனைக்கு மச்சான் தலையை வாரிக்கொண்டு வந்தார். ஒலி புகாத அறைக்குள் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்தார். கையில் ஒரு பொத்தான். காதில் 'பீப்' என்று கேட்டால் அழுத்தவேண்டும். அழுத்தினால் ஆதாரத்தின் மேசையில் விளக்கு எரியும். ஒலியை அனுப்பும் தன் கையை நோயாளி பார்த்துவிடக்கூடாது என்று ஆதாரம் அறையின் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே, பக்கவாட்டில்தான் உட்காருவார். அன்றைக்குத்தான் ஒன்றைக் கவனித்தார். உள்ளே மாட்டியிருந்த சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியில் அவருடைய முழங்கை தெரிந்தது. மச்சானின் பார்வை அந்தக் கடிகாரத்தில் இருந்தது.

ஆதாரம் ஒலியை அனுப்பாமல் முழங்கையை மட்டும் அசைத்தார்.

விளக்கு எரிந்தது.

ஒரு நிமிடம் சும்மா இருந்துவிட்டு மறுபடி அசைத்தார். மறுபடி எரிந்தது. மூன்றாவது தடவை அவருக்கே கை கனத்தது. எழுந்து உள்ளே போய்க் கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகு எடுத்த பரிசோதனையில், கேட்கும் அளவைக் காட்டும் கோடு படிக்கட்டில் கால் தவறியவன் மாதிரி தாளில் கீழே இறங்கியது.

"எத்தனை வருஷமா கடிகாரம் பாக்குறே?"

"நாலு."

"ஏன்டா?"

மச்சான் ஹெட்போனின் வயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். "செவிடன்னு ஆயிட்டா, நான் சொன்னதெல்லாம் செல்லாமப் போயிடும்ல மாப்ளே. அவனுக்கு அப்பவே காது கேட்காது, அதான் வரேன்னு கேட்டுச்சுன்னு சொல்லுவே."

அப்படிச் சொல்லியிருக்கக்கூடியவர்தான் ஆதாரம்.

படத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. காதுக்கருவி மாட்டினால் அதற்குப் பழக ஒரு மாதமாவது ஆகும். முதல் நாட்களில் தட்டு வைக்கிற சத்தமே இடி மாதிரி இருக்கும். இன்றைக்கு ஆரம்பித்தால்தான் உண்டு. இல்லையென்றால் பத்தொன்பது வருடம் காத்திருந்த படத்துக்கு மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். அதை நினைக்கவே ஆதாரத்துக்குப் பிடிக்கவில்லை.

"படம் வரட்டும், அப்புறம் மாட்டிக்கலாம்," என்றார் மச்சான். "எப்படியும் தள்ளித்தான் போடுவாங்க."

"இல்ல. இந்தத் தடவை வந்துரும்."

சொன்னபிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று ஆதாரத்துக்கு உறைத்தது. மச்சானின் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு பரவியது.

"ஆதாரம் என்ன?"

ஆதாரத்திடம் ஆதாரம் இல்லை. அலமாரிக் கதவில் இருந்ததெல்லாம் எதிர்த்தரப்புச் சாட்சி. கொஞ்ச நேரம் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"பந்தயம் வச்சுக்கலாம். அந்தத் தேதியில படம் வரலைன்னா, வரேன்னுதான் சொன்னான்னு நான் ஒத்துக்கிறேன். எழுதியே தரேன். ஆனா கருவியை நீ இன்னைக்கே மாட்டணும்."

"எழுதித் தருவியா?"

"கையெழுத்தோட."

மச்சான் காதை நீட்டினார்.

அந்த ஐந்து வாரம் ஆதாரத்துக்கு முள்மேல் நடந்த மாதிரி இருந்தது. தியேட்டர் வழியாகவே வேலைக்குப் போனார். பெரிய பேனர் கட்டினார்கள். முன்பும் கட்டி அவிழ்த்ததைப் பார்த்தவர் அவர். டிக்கெட் கையில் வந்த பிறகும், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார். "அது என்ன கள்ள நோட்டா?" என்றாள் மனைவி. மச்சானோ தினமும் ஒரு புகாரோடு வந்தார். செருப்புச் சத்தம் பொறுக்க முடியவில்லை. தங்கை இவ்வளவு நேரமா பேசுகிறாள், இத்தனை வருடம் தெரியவே இல்லையே.

தேதி மாறவில்லை. காலைக் காட்சி. விளக்கு அணைந்து திரை திறக்கிறவரை ஆதாரம் வாசல் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார், யாராவது வந்து ரத்து என்று சொல்வார்கள் என்று.

படம், பழைய கடைசிக் காட்சியிலிருந்தே தொடங்கியது. கதவு மூடிக்கொண்டு வருகிறது. கேப்டன் திரும்புகிறான். ஆதாரம் மூச்சைப் பிடித்தார். அதே நொடியில் அரங்கு முழுவதும் எழுந்து விசில் அடித்தது. இந்தத் தடவை என்ஜினுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. முதல் எழுத்து மட்டுமல்ல, வாலும் சேர்ந்து போனது.

மச்சான் அவர் காதருகே குனிந்து கத்தினார். "போறேன்னுதான் சொல்றான் மாப்ளே. நீ சொன்னதுதான் சரி."

ஆதாரம் திரும்பிப் பார்த்தார். அந்தக் கூச்சலில் அந்த வார்த்தையைப் பிடிக்கிற கருவி இன்னும் செய்யப்படவில்லை. அது அவருக்குத் தெரியும். மச்சான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், அன்றைக்குக் கடிகாரத்தைப் பார்த்த அதே முகத்தோடு. ஒலியே இல்லாத இடத்தில் விளக்கு எரிந்திருந்தது.

கூட்டம் அடங்கி உட்கார்ந்தது. கப்பல் இருட்டில் மிதந்தது. அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. ஆதாரம் சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்தார். பரிசோதனை அறையில், நோயாளி உதட்டைப் பார்த்துப் பதில் சொல்லக்கூடாது என்று காகிதத்தால் மறைப்பதைப்போல அதனால் வாயை மறைத்துக்கொண்டார். முன்னால் பார்த்தபடியே, சாப்பாட்டு மேசையில் பேசுவதைவிடத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பொய் சொல்றே மச்சான்."

மச்சான் தலையைத் திருப்பவில்லை.

"படத்தைப் பாருடா," என்றார்.