கருப்புச் சட்டையும் இரும்புச் சங்கிலியும்

இருபத்தொரு வயதில், தெருவில் போகிறவர்கள் என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற வெறி எனக்கு இருந்தது. வீடு அரியாங்குப்பத்தில். வேலை ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பாண்டி டவுனில், ஒரு சிடி கடையில். கேட்கிற பாட்டையெல்லாம் ஒரே சிடியில் ஏற்றித் தருவோம். இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்கள் அவை. கடைக்கு வரும் காலேஜ் பையன்கள் எதைப் போட்டுக்கொண்டு வந்தார்களோ, அடுத்த மாதம் அது என் உடம்பிலும் இருக்கும்.

தலைமுடியைச் செம்பு நிறத்தில் கலரடித்து, ஜெல் தடவி முள் மாதிரி நிறுத்தியிருந்தேன். இடுப்புக்குக் கீழே நழுவி நிற்கிற ஜீன்ஸ். அதன் பெல்ட் வளையத்திலிருந்து பின்பாக்கெட் பர்ஸ் வரைக்கும் ஒரு இரும்புச் சங்கிலி தொங்கும். நாய்ச் சங்கிலி என்று அப்பா சொல்வார். காலில் முனை கூராகவும் குதி உயரமாகவும் இருந்த ஷூ. இதற்கெல்லாம் மேலே, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் குவியலிலிருந்து பொறுக்கியெடுத்த அந்தச் சட்டை. பளபளக்கிற கருப்புத் துணி. முதுகு முழுக்கச் சிவப்பு டிராகன். அது கக்கும் நெருப்பு தோளைத் தாண்டி முன்பக்கம் வரும்.

"இதே மாதிரி இன்னொன்னு இருக்கா?" என்று வியாபாரியிடம் கேட்டேன்.

"ஒரே பீஸு தம்பி. பாண்டியிலயே ஒன்கிட்டதான் இருக்கும்."

நம்பினேன். நம்ப ஆசையாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கடையில் சாமி படத்துக்குப் பூ வாங்கி வரச் சொல்லி முதலாளி என்னைப் பெரிய மார்க்கெட்டுக்கு அனுப்பினார். பூக்கடை வரிசையில் குனிந்து சாமந்தி பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒருவன், "இவன்தான்டா, சட்டயப் பாரு" என்றான். நம் சட்டையைத்தான் சொல்கிறான் என்று எனக்கு உள்ளூரப் பெருமைகூட வந்தது. சிரித்துக்கொண்டே திரும்பினேன்.

அந்தச் சிரிப்பின் மேல்தான் முதல் அடி விழுந்தது. பழப்பெட்டியிலிருந்து பிடுங்கிய பலகை. வாயில் ஏதோ கல் மாதிரி உருண்டது. துப்பினேன். என் பல்.

மூன்று பேர். கைலியை மடித்துக் கட்டிய பெரிய ஆள் ஒருவன், அவன் ஜாடையிலேயே இன்னொருவன், பலகை வைத்திருந்த மூன்றாமவன். எவனையும் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "என்னாண்ணே, யாருண்ணே நீங்க?" என்று கேட்டேன். பல் போன வாயிலிருந்து வார்த்தை வரவில்லை, காற்றும் ரத்தமும்தான் வந்தன.

"யாருன்னு தெரியலயா? எந்தம்பியத் தோள்ல வெட்டும்போது தெரிஞ்சுதா?"

ஓடினேன். ஓடினேன் என்று சொல்வதுகூடத் தப்பு. ஜீன்ஸ் தொடைக்கு இறங்கிக் காலைக் கட்டிப்போட்டது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு பூக்கூடைகளைத் தாண்டி மீன் பக்கம் பாய்ந்தேன். அங்கே தரை முழுக்கச் செதிலும் ஐஸ் தண்ணீரும். உயரமான குதி வழுக்கியது. விழுந்து எழுந்தேன். மறுபடி இரண்டடி போவதற்குள் யாரோ இடுப்பைப் பிடித்து இழுத்ததுபோல் நின்றுவிட்டேன். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. சங்கிலி ஒரு தள்ளுவண்டியின் கொக்கியில் மாட்டியிருந்தது. இழுத்தேன், கழலவில்லை. மூன்று பேரும் நடந்தே வந்தார்கள். அவசரப்பட வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

அதன்பிறகு நடந்ததைத் துண்டு துண்டாகத்தான் சொல்ல முடியும். பலகை கழுத்தெலும்பில் இறங்கியபோது கேட்ட சத்தம் இன்னும் நினைவிருக்கிறது. காய்ந்த தென்னைமட்டையை மிதித்தால் வருமே, அந்தச் சத்தம். விலாவில் மிதித்தார்கள். முடியைப் பிடித்துத் தூக்கி மீன் மேடையின் சிமெண்ட் விளிம்பில் மோதினார்கள். கண்ணுக்குள் ரத்தம் வழிந்து எல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. சுற்றிலும் கூட்டம். யாரும் கிட்டே வரவில்லை.

வந்தது மீன்காரம்மா ஒருத்திதான். மீன் கழுவின தண்ணீரை வாளியோடு தூக்கி அவர்கள் முகத்தில் ஊற்றினாள். அடுத்த நொடி வஞ்சிரம் வெட்டுகிற கத்தியோடு எனக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"செத்துடுவான்டா! என் கடை வாசல்ல பொணம் விழ விடமாட்டேன். இன்னொரு அடி அடிச்சீங்க, கைய எடுத்துடுவேன்!"

அந்தக் கத்தியில் செதில் ஒட்டியிருந்தது. பெரிய ஆள் அதையும் அவள் முகத்தையும் பார்த்தான். என் மேல் காறித் துப்பிவிட்டுப் போனான்.

ஆட்டோவில் போட்டுக் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சட்டை ரத்தத்தில் ஊறித் தோளோடு ஒட்டியிருந்தது. நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்ததும் எனக்கு எங்கிருந்தோ பேச்சு வந்தது.

"வெட்டாதீங்க சிஸ்டர், புதுச் சட்ட."

"ஒனக்கு உயிரு வேணுமா, சட்ட வேணுமா?" என்றபடி அவர் இடுப்பிலிருந்து கழுத்து வரை ஒரே இழுப்பில் கிழித்தார்.

கழுத்தெலும்பு முறிந்திருந்தது. விலாவில் இரண்டு. தலையில் தையல். தாடை வீங்கி வாய் பாதிதான் திறந்தது. என்னை எதற்கு அடித்தார்கள் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் மதியம் தெரிந்தது. வார்டில் எனக்கு நாலு கட்டில் தள்ளி ஒரு பையன் தோளில் பெரிய கட்டோடு படுத்திருந்தான். பத்தொன்பது வயதிருக்கும். அவனைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவன் என் கட்டிலைத் தாண்டும்போது நின்றான். கைலி கட்டிய அதே பெரிய ஆள். என் செம்பு முடியைப் பார்த்தான். அடையாளம் கண்டுகொண்டான்.

கத்த முயன்றேன், தாடை திறக்கவில்லை. எழுந்து ஓட முடியாது, கை கழுத்தோடு கட்டியிருக்கிறது. படுக்கையிலேயே மூத்திரம் போய்விட்டது. அந்தச் சூடு தொடையில் பரவியதை இன்றும் உடம்பு மறக்கவில்லை.

"யாருண்ணே?" என்று அந்தப் பையன் கேட்டான்.

"ஒன்ன வெட்டுனவன்டா. இங்கயே வந்து படுத்திருக்கான் பாரு."

பையன் மெல்ல எழுந்து, குளுக்கோஸ் ஏறுகிற கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான். என் முகத்தை வெகுநேரம் பார்த்தான்.

"இவன் இல்லண்ணே. அவன் நல்ல ஒயரம். தாடி வச்சிருந்தான்."

"அதே கருப்புச் சட்டடா. முதுவுல அதே டிராகன். நீதானடா சொன்ன?"

"சட்டயாண்ணே என்ன வெட்டுச்சி?"

அப்போதுதான் வாசலில் அம்மா நிற்பதைப் பார்த்தேன். கையில் ரசம் சாதம் போட்ட எவர்சில்வர் கேரியர். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"நீதானா?" என்று மட்டும் கேட்டாள். அவன் திரும்பினான். கேரியரைச் சுழற்றி அவன் முகத்தில் அடித்தாள். மூடி தெறித்தது. ரசம் அவன் நெஞ்சில் வழிந்தது. புருவம் பிளந்து ரத்தம் கொட்டியது. என் அம்மா எறும்பு ஊர்ந்தால்கூட ஊதித் தள்ளுகிறவள். இரண்டாவது அடியை அவன் காதில் அடித்தாள். அவனுடைய இன்னொரு தம்பி கையை ஓங்கிக்கொண்டு வந்தான்.

"உடுறா," என்றான் பெரியவன். "அடிக்கட்டும்."

அடித்தாள். கைப்பிடி கழன்று கேரியர் தரையில் உருண்ட பிறகு கையால் அடித்தாள். மூச்சு வாங்கித் தரையில் உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. எனக்குத் தலையில் தையல் போட்ட அதே சின்ன டாக்டர்தான் அவன் புருவத்துக்கும் தையல் போட்டார்.

கேஸ் கொடுக்கிறீர்களா என்று போலீஸ்காரர் வந்து கேட்டார். "வேணாம் சார்," என்றார் அப்பா. "தெனம் பாலத்தத் தாண்டி டவுனுக்கு வந்தாதான் எங்களுக்குச் சோறு." அந்தப் பெரிய ஆள் ஒருமுறை ஆப்பிள் பையோடு எங்கள் வீட்டு வாசல் வரை வந்தான். அம்மா கதவைச் சாத்தினாள். பையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனான். அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்த நியாயம்.

இதிலிருந்து நான் என்ன கற்றுக்கொண்டேன் என்று கேட்டால், முதலில் தப்பாகத்தான் கற்றுக்கொண்டேன். பார்க்கிறவன் பயப்படுகிற மாதிரி உடுத்தியிருந்தால் எவனும் கிட்டே வந்திருக்க மாட்டான் என்று தோன்றியது. எலும்பு கூடியதும் முடியை ஒட்ட வெட்டினேன். மீசையை முறுக்கினேன். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் தடித்த காப்பு. இடுப்பில், செய்தித்தாளில் சுற்றிய ஒரு கத்தி.

"கல்யாணத்துக்குப் போறியா, கட்சி மீட்டிங்குக்கா?" என்று முதலாளி கேட்டார். நான் சிரிக்கவில்லை. பஸ்ஸில் எனக்கு இடம் கிடைத்தது. நின்றுகொண்டிருந்தவர்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். அது போதை மாதிரி இருந்தது.

அந்தப் போதை இரண்டு வாரம்கூட நீடிக்கவில்லை. ஒரு சாயங்காலம் பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது முன்னால் மாடு குறுக்கே வந்து, டிரைவர் பிரேக்கை அழுத்தினார். சீட்டில் உட்கார்ந்திருந்த நான் முன்னால் மடங்கினேன். கத்தி தாளைக் கிழித்துக்கொண்டு என் தொடையில் இறங்கியது. வலி வருவதற்கு முன் ரத்தம் வந்தது. வெள்ளை வேட்டியில் அது பரவிய வேகத்தைப் பார்த்துப் பக்கத்திலிருந்த பெண் அலறினாள். நான் எழுந்ததில் கத்தி தரையில் விழுந்தது.

"கத்திடா! எவனயோ குத்த வந்திருக்கான்!"

யாரும் எதுவும் கேட்கவில்லை. பின்சீட்டிலிருந்து ஒருவன் பிடரியில் அறைந்தான். ஒருவன் வயிற்றில் குத்தினான். கண்டக்டர் டிக்கெட் பையால் முகத்தில் அடித்தார். குடை, செருப்பு, பை, எது எது கையில் இருந்ததோ அது அது என் மேல் விழுந்தது. "குத்தல, என்னயேதான் குத்திகிட்டேன்" என்று நான் கத்தியது எனக்கே பைத்தியம் மாதிரி கேட்டது. கூடியிருந்த கழுத்தெலும்பின் மேல் ஒரு அடி விழுந்ததும் கண் இருட்டியது. பாலத்தின் முனையில் பஸ்ஸை நிறுத்தி என்னைத் தள்ளிவிட்டார்கள். ரவுடி மாதிரி உடுத்தினேன், ரவுடிக்குக் கிடைப்பது கிடைத்தது.

நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். வேட்டியைப் பார்த்ததும் அம்மா அலறவில்லை. காயத்தைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். கட்டி முடித்த பிறகு ஓங்கி ஒரு அறை விட்டாள்.

"சாவுறதுன்னாலும் வேஷம் போட்டுகிட்டுதான் சாவியா நீ?"

அதன்பிறகு பல வருஷம் நான் சாம்பல் நிறத்திலேயே இருந்தேன். சாம்பல், மங்கின பழுப்பு, துவைத்து வெளுத்த நீலம். துணிக்கடையில் மடித்து அடியில் வைத்திருப்பதைத்தான் கேட்பேன். போட்டுக்கொண்டு ஓட முடியுமா என்று அங்கேயே முட்டியை மடக்கிப் பார்ப்பேன். யார் கண்ணிலும் படக்கூடாது. அதை எளிமை என்று மற்றவர்கள் பாராட்டினார்கள். அது பயம் என்பது எனக்குத் தெரியும். எவனாவது பின்னால் வேகமாக நடந்து வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வேன்.

மார்க்கெட்டில் அடிபட்டு ஏழு வருஷம் ஆன சமயத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். நிச்சயதார்த்தத்துக்குத் துணி எடுக்க அவளும் அவள் அண்ணியும் கடைக்கு வந்திருந்தார்கள். நான் எடுத்து வைத்த சட்டைகளைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கலரே பிடிக்காதா?" என்று கேட்டாள்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது கடைப்பையன் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு துணிக்கட்டைத் தரையில் போட்டான். தொப்பென்ற அந்தச் சத்தத்துக்கு நான் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு கவுண்டருக்கு அடியில் குந்திவிட்டேன். எழுந்தபோது கடை முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மறைத்துப் பயனில்லை என்று, அங்கிருந்த ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். மார்க்கெட்டையும் சொன்னேன், பஸ்ஸையும் சொன்னேன். படுக்கையை நனைத்ததை மட்டும் சொல்லவில்லை.

அவள் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. "அப்போ மத்தவங்களுக்காகத்தான் இத்தன வருஷம் சட்ட போட்டிருக்கீங்க," என்றாள். "உங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. இருபத்தெட்டு வயதில் அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. கண்ணாடி முன் நின்று ஒவ்வொரு துணியாக நெஞ்சில் வைத்துப் பார்த்தேன். சிவப்பை வைத்ததும் கண் தானாக வாசலுக்கு ஓடியது. கருப்பைத் தொடவில்லை. பாசி மாதிரி ஒரு கரும்பச்சையை வைத்தபோது, கொஞ்ச நேரம் வாசல் ஞாபகமே வரவில்லை. அதை எடுத்தேன்.

ரெடிமேட் சட்டை எனக்கு எப்போதும் ஒரு பக்கம் சரிந்துதான் நிற்கும். கழுத்தெலும்பு கோணலாகக் கூடியதால் என் இடது தோள் ஒரு விரலளவு தாழ்ந்திருக்கிறது. அத்தனை வருஷமும் அதை யாரிடமும் காட்டாமல் கையைத் தூக்கித் தூக்கிச் சமாளித்திருந்தேன். அந்த முறை டெய்லரிடம் பனியனோடு நின்று, இரண்டு தோளையும் தனித்தனியாக அளக்கச் சொன்னேன். "அடிபட்டதா?" என்றார். "அடிச்சது," என்றேன். அவர் அளவு எடுத்தார்.

நிச்சயதார்த்தத்தன்று மோதிரம் மாற்றும் நேரத்தில் வாசலில் யாரோ சரவெடி கொளுத்திவிட்டார்கள். உடம்பு தூக்கிவாரிப் போட்டது. குந்தவில்லை, நின்றேன். அந்த நொடியில்தான் ஃபோட்டோ எடுத்திருக்கிறார்கள். அதில் நான் பல்லைக் கடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்கிறேன். சட்டை மட்டும் இரண்டு தோளிலும் சமமாக உட்கார்ந்திருக்கிறது.