காளி முகத்தில் ஒரு கோடு

காளியின் முகத்தில் கோடு கிழிக்கச் சொல்லிப் போன மாதம் ஓடைப்பட்டிக்குப் போன இரண்டு பேரில் நானும் ஒருவன்.

இன்னொருவர், மதுரையில் ஓவியக்கூடம் வைத்திருக்கும் நண்பர். இந்தப் பக்கத்தில் அடிக்கடி என்னிடம் திட்டு வாங்குபவர்தான்.

ஓடைப்பட்டி செல்வராணி, டிராயிங் டீச்சர். சோழர் காலத்துப் போர்க்காவியம் ஒன்றுக்குப் படம் போட்டிருக்கிறார். மரப்பலகையில் உருவத்தைச் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் அச்செடுக்கும் வேலை. யானையும் குதிரையும் பாய்கிற பாய்ச்சலில் நான் இரண்டடி தள்ளி நின்றுதான் பார்த்தேன்! நண்பரின் கூடத்தில் நடக்கப்போவதுதான் அவருக்கு முதல் கண்காட்சி.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சொன்ன எண்ணிக்கைக்கு அச்செடுத்ததும் பலகையின் குறுக்கே ஆழமாகக் கோடு கிழித்துவிட வேண்டும். இனி பிரதி வராது என்று வாங்குகிறவர் நம்ப வேண்டாமா?

எல்லாப் பலகையிலும் கிழித்தாயிற்று. காளியைத் தவிர.

"கண்ணைக் கடைசியாத்தான் செதுக்குனேன் சார். அன்னைக்கு வெள்ளிக்கிழமை. அத்தை பாத்துட்டாக..." என்றார் செல்வராணி.

பார்த்த மாமியார் பேச்சியம்மாள், அச்செடுத்து முடிக்கும்வரை பொறுத்திருக்கிறார். முடிந்ததும் பலகையைக் கழுவிப் பூஜை அறையில் வைத்துவிட்டார்.

"கண்ணு தெறந்த ஆத்தா மூஞ்சியில கத்தி வைக்கச் சொல்றீகளே தம்பி, நல்லாருக்கா?"

"கோடு கிழிக்காட்டி காளி படத்தை மாட்ட முடியாதும்மா" என்றார் நண்பர்.

செல்வராணியின் முகம் வாடிவிட்டது. காளி இல்லாமல் அந்தக் காவியத்தில் என்ன இருக்கிறது? ஆனால் உளியைத் தொடவும் அவருக்கே மனசு வரவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. எனக்குப் பாவமாக இருந்தது.

"பலகையையாவது காட்டுங்க" என்றார் நண்பர்.

போய்ப் பார்த்தோம். மஞ்சள், சந்தனம், எண்ணெய், குங்குமம் — மாதக்கணக்கில் தினமும் அப்பி அப்பி, செதுக்கிய பள்ளமெல்லாம் மேடாகி, கெட்டியாக இறுகிக் கிடந்தது. நண்பர் விரலால் தடவினார். வழுவழு என்றிருந்தது. மை தடவினால் ஒரு கறுப்புச் சதுரம்தான் விழும்!

"இதைச் சுரண்டிக் கழுவுவீங்களாம்மா?"

"ஆத்தாளுக்குச் சாத்துனதை யாராச்சும் சொரண்டுவாகளா? இங்கன மேல மேலதான் சாத்துவோம்."

நண்பர் என்னைப் பார்த்தார். பிறகு செல்வராணியிடம் திரும்பி, "இனி இதுல பிரதி வராது. காளியை வாசலுக்கு எதிரே மாட்டிடலாம்" என்றார். செல்வராணி சட்டென்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இந்த வாரம் மதுரையில் திறப்பு விழா. பேச்சியம்மாளும் வந்திருந்தார். காளி முன்னால் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கை இடுப்புக்குப் போனது. சுருக்குப்பையில் குங்குமம்! நண்பர் ஓடுவதற்குள்...

நல்லவேளை, ஃபிரேமுக்குக் கண்ணாடி போட்டிருந்தார்கள். அதன்மேல் அந்தப் பொட்டு இன்னும் இருக்கிறது — துடைக்க வந்த பையனை நண்பரே தடுத்துவிட்டார்.