கம்ப்யூட்டருக்குப் பூக் கேட்டது

எனக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் எங்கள் ஊர் மண்ணரையில் ஒரு தகராறு, ஒரு கல்யாணப் பேச்சு என்றால் முதல் நாற்காலி எனக்குத்தான் போடுகிறார்கள். பத்தாவதில் இரண்டு முறை உட்கார்ந்தும் கணக்குப் பாடம் விடவில்லை. போதும் என்று வெளியே வந்தவன் நான். இன்றைக்கு அறுபது மெஷின் ஓடுகிற கம்பெனி வைத்திருக்கிறேன். பெரிய படிப்புப் படித்த பிள்ளைகள் என்னிடம் மேனேஜர். அவர்கள் ஏ.சி. ரூமில் மூன்று நாள் இங்கிலீஷில் பேசியும் மசியாத வெளிநாட்டுக்காரரை நான் ஒரு டீயில் மசிய வைத்திருக்கிறேன், அதுவும் தமிழிலேயே பேசி. இந்த வித்தை எங்கே படித்தீர்கள் என்று கேட்பார்கள். கம்ப்யூட்டர் வேண்டும் என்று என் அப்பாவைச் சம்மதிக்க வைத்தேனே, அதுதான் ஆரம்பம் என்பேன். அந்தக் கதையில் பாதியைத்தான் இதுவரை வெளியே சொல்லியிருக்கிறேன்.

அப்போது நான் ஒன்பதாவது. இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தது. லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே அறை, அதில் ஒரு மூலை சமையலுக்கு. அப்பா முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அம்மா அதே கம்பெனியில் தைத்த துணிக்குப் பிசிறு வெட்டுவார். தங்கச்சிக்கு ஐந்து வயது.

அப்பாவுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. சொந்தமாக ஒரு ஓவர்லாக் மெஷின். பழசாக இருந்தாலும் போதும், வீட்டிலேயே போட்டு வெளியே இருந்து வேலை எடுத்துத் தைத்தால் யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம் என்று நினைத்தார். அதற்காக வருடக்கணக்கில் சேர்த்து, மெஷினும் பார்த்து வைத்துவிட்டார். ஜன்னலோரம் இடம் ஒதுக்கி, வீட்டுக்காரரிடம் கெஞ்சித் தனியாக ஒரு பிளக் பாயிண்டும் போட்டாயிற்று. வேலை விட்டு வந்ததும் அந்தக் காலி இடத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துதான் டீ குடிப்பார். நாள் முழுக்கக் கம்பெனியில் மெஷின் மிதிக்கிற மனிதருக்கு வீட்டிலும் எதற்கு ஒரு மெஷின் என்று எனக்குப் புரியவில்லை. அந்த இடத்தில் ஒரு கம்ப்யூட்டர் எவ்வளவு கச்சிதமாக உட்காரும் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

ஏனென்றால் பெரியம்மா வீட்டில் வாங்கிவிட்டார்கள். செருப்பை வாசலில் விட்டு, கை கழுவிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். பூப்போட்ட துணி போர்த்தி, மேலே குங்குமம் வைத்திருந்தார்கள். பெரியம்மா மகன் அதில் கார் ஓட்டுவான். என்னைத் தொட விடமாட்டான். "தொட்டா வைரஸ் வந்துரும்" என்பான். அவனைவிட நான் எல்லா விதத்திலும் கெட்டிக்காரன் என்று ஊருக்கே தெரியும். கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியாமல் போவதா?

வீட்டுக்கு வந்து பேச்சைத் தொடங்கினேன். முதலில் படிப்புக்கு என்றேன்.

"இருக்கற பொஸ்தவத்தையே நீ தொறக்கறதில்ல" என்றார் அம்மா. "உன்ற பெரியம்மா ஊட்டுல அதுக்குப் போர்வ போத்தி வெச்சிருக்காங்களாமா. இங்க நமக்கே போர்வ பத்துல."

அப்பா சிரித்தார். "பாக்கலாங் கண்ணு" என்றார்.

என் அப்பாவுக்கு 'முடியாது' என்ற சொல் வாயில் வராது. ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்லி சூப்பர்வைசர் கேட்டால் "ஆகட்டுங்க" என்பார். பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிள் கேட்டால் கொடுத்துவிட்டு நடந்து வேலைக்குப் போவார். இப்படிப்பட்டவரிடம் 'பாக்கலாம்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று அம்மாவுக்குத் தெரியும். எனக்கு அது பாதி சம்மதமாகத் தெரிந்தது. மீதிப் பாதியைப் பிடிக்கப் புதுப் புதுக் காரணமாகக் கொண்டுவந்தேன்.

"இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்தானுங்கப்பா. கட்டிங், தெய்க்கறது எல்லாம் அதே பண்ணிப்போடும்."

அப்பா கையிலிருந்த டீயைக் குடிக்காமல் பார்த்தார். "அப்பறம் நாங்கெல்லாம் என்ன பண்றது கண்ணு?"

"நீங்க சும்மா உக்காந்துக்கலாமுங்க."

அதற்கும் சிரித்தார். ஆனால் அந்த டீ ஆறிவிட்டது.

பிறகு சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். ஒரு நாள் முழுக்க. பள்ளிக்கூட வாசலில் இரண்டு பொட்டலம் கடலையும் ஒரு தேன்மிட்டாயும் தின்றது கணக்கில் வராது. அப்பா மட்டும் உண்மையாகவே அன்றைக்குச் சாப்பிடவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு என்னையும் ஜன்னலோரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏனுங்க, ஒண்ணு வாங்கித் தாரன்னு சொல்லுங்க, இல்ல முடியாதுன்னு சொல்லுங்க. பாக்கலாம் பாக்கலாம்னு எத்தன நாளைக்குப் பாப்பீங்க?"

அப்பா நகர்த்திய தட்டை எடுத்து மூடி வைத்தார். பிறகு, "நாம முடிவு பண்ண வேண்டாம். ஆத்தாளைக் கேட்டுப்போடலாம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் குலசாமியிடம் பூக் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. இரண்டையும் சாமி காலடியில் வைத்து, ஒன்றும் அறியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் அதோடு பேச்சை விட்டுவிட வேண்டும். மறுபேச்சுக் கிடையாது. கம்ப்யூட்டருக்காக யாரும் அதுவரை பூக் கேட்டதாக நான் அறியேன். அந்த வகையிலும் நான்தான் முதல் ஆள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நால்வரும் தாராபுரம் பஸ் ஏறினோம். எங்கள் குலசாமி கோயில் அதைத் தாண்டி ஒரு கிராமத்தில், அமராவதி வாய்க்கால் ஓரத்தில் இருக்கிறது. பொட்டலம் எடுக்கப் போகிற குழந்தை தங்கச்சிதான். பஸ்ஸிலேயே அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். எந்தப் பொட்டலத்தின் முனை மடங்கியிருக்கிறதோ அதை எடுக்க வேண்டும், எடுத்தால் பஞ்சுமிட்டாய் என்று பேசி முடித்தேன். அவள் இரண்டு பஞ்சுமிட்டாய் கேட்டாள். பேரத்தில் அவளும் எனக்குத் தங்கச்சிதான்.

தாராபுரத்தில் இறங்கி அப்பா வெள்ளை அரளியும் செவ்வரளியும் வாங்கினார். கோயிலுக்குப் போனதும், தேதி கிழிக்கிற காலண்டர் தாள் இரண்டை எடுத்துக்கொண்டு மதில் பக்கமாகத் திரும்பி நின்று பொட்டலம் கட்டினார். எங்களைப் பார்க்க விடவில்லை. பார்க்கக் கூடாது என்பது முறை. அம்மா தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு தேங்காய் உடைக்க உள்ளே போனார். அப்பா மஞ்சப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, கால் கழுவ வாய்க்காலுக்கு இறங்கினார்.

வெள்ளை எது என்று பார்த்து முனையை மடக்க அவ்வளவு நேரம் போதும். முதல் பொட்டலத்தைப் பிரித்தேன். சிவப்பு. சரி, அப்படியென்றால் மற்றது என்று அதையும் பிரித்தேன். அதுவும் சிவப்பு. வாங்கிய வெள்ளை அரளி அத்தனையும் அப்படியே பையின் அடியில் கிடந்தது.

அவசரத்தில் அப்பாவுக்குப் பூ மாறிவிட்டது என்று நினைத்தேன். இரண்டு லாட் வெள்ளைத் துணி கலந்து வந்தால், கையில் எடுத்ததுமே "இது வேற" என்று தனியே எடுத்து வைக்கிறவர் என்று கம்பெனியில் அவருக்குப் பெயர். அவருக்குச் சிவப்பும் வெள்ளையும் எப்படி மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை. நல்லவேளை, நான் பார்த்தேன் என்றுதான் தோன்றியது. ஒன்றை மட்டும் மாற்றி வைத்திருந்தால் நியாயமாகப் போயிருக்கும். ஆனால் எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் எனக்கு அன்றைக்கும் இல்லை. இரண்டிலும் வெள்ளையை வைத்துக் கட்டி, செவ்வரளியை மதிலுக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டேன்.

பூசாரி இரண்டு பொட்டலத்தையும் ஆத்தா காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். "வா சாமி, ஒண்ண எடு" என்றார். தங்கச்சி முனை மடங்கியதைத் தேடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கோபுரத்தைப் பார்த்தேன். ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பூசாரி பிரித்தார்.

"வெள்ளைங்க! ஆத்தா குடுத்துட்டா."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் பூசாரியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பூசாரி பூவை நீட்டியும் வாங்கவில்லை. அம்மா தோளில் இடித்த பிறகுதான் இரண்டு கையையும் ஏந்தினார். அப்படியே தரையில் நெடுக விழுந்து கும்பிட்டார். எழுந்திருக்கவில்லை. பின்னால் நின்றவர்கள், "ஏனுங்க, சித்தெ வழி உடுங்க" என்று சொல்லும் வரைக்கும் அப்படியே கிடந்தார். எனக்குக் கம்ப்யூட்டர் கிடைத்ததில் அப்பாவுக்கு இத்தனை சந்தோஷமா என்று நினைத்து எனக்கே கண் கலங்கிவிட்டது.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் தண்ணீரில் விட்டுவிடுவது வழக்கம். அதைப் பூசாரி அப்பாவிடம் கொடுத்தார். அப்பா வாய்க்கால் கரையில் நின்று அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். பிரித்தால் நான் தொலைந்தேன். அவர் பிரிக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் போல மெதுவாகத் தண்ணீரில் விட்டார். என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே கம்ப்யூட்டர் வந்தது. கடைக்காரர் பெட்டி பெட்டியாக இறக்கி, ஜன்னலோரத்தில் மேஜை போட்டு, அந்தத் தனி பிளக் பாயிண்டில் மாட்டிவிட்டுப் போனார். பார்த்து வைத்திருந்த மெஷினை வேறு யாரோ வாங்கிப் போனார்கள். வேலைக்குப் போகும்போது அப்பா தினமும் மானிட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். "அதென்ன சாமியாங்க?" என்று அம்மா கேலி பண்ணுவார்.

அந்தக் கம்ப்யூட்டரில் நான் முதலில் கார்தான் ஓட்டினேன், பெரியம்மா மகனைவிட வேகமாக. அது சலித்தபோது அதிலிருந்த படம் வரைகிற புரோகிராமைத் தோண்ட ஆரம்பித்தேன். வாத்து, வண்ணத்துப்பூச்சி, பந்து என்று குழந்தைகள் பனியனுக்கு வரைந்து, ஒரு பிரிண்டிங் பட்டறைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பத்தாவதில் இரண்டாம் முறையும் தவறியதும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தேன். அதிலிருந்துதான் எல்லாமே வந்தது. யார் தயவுமில்லாமல் மேலே வந்தவன் என்று மேடையில் சொல்வேன். அப்பா என் கம்பெனி திறக்கும் வரைக்கும் முதலிபாளையத்தில் அடுத்தவர் மெஷினிலேயே தைத்தார்.

பல வருடம் கழித்துத் தங்கச்சிக்கு வரன் பார்த்தோம். இரண்டு இடம் ஒரே நேரத்தில் வந்தது. எது என்று தீர்மானிக்க முடியாமல், "பூக் கேட்டுப் போடலாம் தம்பி" என்றார் அத்தை. அப்பா சொன்னார்:

"வேண்டாமுங்கக்கா. முடியாது."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அத்தைக்குக் கோபம்; சாப்பிடாமல் போய்விட்டார். அவரைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று அப்பாவைக் கேட்டேன்.

"எனக்கு அந்த யோக்கியதை இல்ல கண்ணு" என்றார். "உனக்குக் கேட்டம் பாரு, அன்னிக்கு ரெண்டுலயும் நான் செவப்பத்தான் வெச்சன். உன்ற மூஞ்சியப் பாத்து முடியாதுன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வல்ல. அவ சொன்னாப்பல இருந்துட்டுப் போகட்டும்னு பாத்தன். ஆத்தா அதை வெள்ளையாக்கிக் காட்டிப்போட்டா. என்ற களவாணித்தனம் அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மறுக்காப் போய்க் கேக்கறது?"

வெளிநாட்டுக்காரரை ஒரு டீயில் மசிய வைக்கிறவன் நான். பூவை மாற்றியது நான்தான் என்று அன்றைக்கு அவரிடம் சொல்லவில்லை. இன்றைக்கும் இல்லை. அமாவாசை தவறாமல் அப்பா அந்தக் கோயிலுக்குப் போகிறார். காரை நான்தான் ஓட்டிக்கொண்டு போகிறேன்.

பூக் கேட்ட அன்றைக்குக் கார் இல்லை. கோயிலிலிருந்து பஸ் நிற்கிற இடத்துக்கு வெயிலில் நடந்தோம். அம்மாவும் தங்கச்சியும் முன்னால் போனார்கள். அப்பா நாலு அடி நடப்பதும், நின்று கோயிலைத் திரும்பிப் பார்ப்பதுமாகப் பின்தங்கிப் பின்தங்கி வந்தார். பஸ் போய்விடுமே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

"என்னத்தைங்கப்பா மறந்து வெச்சுட்டு வந்தீங்க?" என்று கத்தினேன்.

"ஒண்ணுமில்ல கண்ணு" என்றார். "நீ நட."

தூரத்தில் பஸ் வருகிற புழுதி தெரிந்தது. ஜன்னலோர சீட்டைப் பிடிக்க நான் முன்னால் ஓடினேன்.